ஐஎஸ்ஓ போதாது, மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த பிளேஸ்டேஷன் சீடிகளைக் கணினியில் ஏற்றி, சுங்கை சிப்புட்டில் இருக்கும் உன் சித்தப்பா மகனுக்கும் கொடுக்கலாமா, எந்த வடிவத்தில் கொடுப்பது என்று கேட்டிருந்தாய். வடிவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: பின்/கியூ, அதாவது டிஸ்க்கின் முழு நகல் பின் கோப்பிலும் தடங்களின் விவரம் கியூ கோப்பிலும்.

ஐஎஸ்ஓ இருக்கும்போது இது எதற்கு என்பாய். டிவிடியில் வந்த பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுக்கு ஐஎஸ்ஓ தாராளமாகப் போதும். சீடி கதை வேறு. சீடியின் ஒவ்வொரு செக்டரிலும் 2352 பைட். சாதாரணத் தரவு சீடியில் அதில் 2048தான் தரவு. மிச்சம் முகவரியும் பிழைதிருத்தமும். ஐஎஸ்ஓ அந்த 2048ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். முழுதாக நிரம்பிய 74 நிமிட சீடி ஐஎஸ்ஓவில் 650 எம்பி, பின்னில் 747 எம்பி வருவது அதனால்தான். அந்தக் கூடுதலை வீண் என்று நினைக்காதே. பிளேஸ்டேஷன் தன் ஒலிக்கு வேறுவகைச் செக்டரையும் வைத்திருந்தது. பிழைதிருத்தத்தின் இடத்தையும் அது தரவுக்கே எடுத்துக்கொண்டு 2324 பைட் வரை நிரப்பும். 2048இல் வெட்டினால் வால் போச்சு.

பாட்டு இன்னும் மோசம். 1994இல் வந்த ‘ரிட்ஜ் ரேசர்’ முழுவதும் நினைவகத்தில் ஏறிவிடும். பிறகு சீடியைக் கழற்றி இளையராஜா ஆடியோ சீடியைப் போட்டால் கார் அந்தப் பாட்டுக்கு ஓடும்! அதன் சொந்த இசை ஆடியோ தடங்களாக இருப்பதால், ஐஎஸ்ஓவாக எடுத்தால் இசையே இருக்காது.

கியூ கோப்பை நோட்பேடில் திறந்து பார். சில வரிகள்தான்: பின் கோப்பின் பெயர், ‘ட்ராக் 01 மோட்2/2352’, ‘இன்டெக்ஸ் 01 00:00:00’, பிறகு ஆடியோ தடங்கள் எந்த நிமிடத்தில் தொடங்குகின்றன என்று. பின் கோப்பின் பெயரை மாற்றினால் உள்ளே அந்த வரியையும் மாற்று. ‘ஓடவில்லை மாமா’ என்று வரும் வாட்ஸ்அப்பில் பாதி இதனால்தான்.

நீரோவின் என்ஆர்ஜி, ஆல்கஹால் 120%இன் எம்டிஎஃப் எல்லாம் அந்தந்த மென்பொருளோடு ஒட்டிப் பிறந்தவை. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. டிரீம்காஸ்ட்டுக்கு வரும் சிடிஐயை அறவே தொடாதே: ஏறக்குறைய 1 ஜிபி வட்டை 700 எம்பி சீடியில் திணிக்க வீடியோவையும் இசையையும் நறுக்கியவை அவற்றில் ஏராளம். ஹார்ட் டிஸ்க் நிறைகிறது என்றால் மேம் எமுலேட்டர் திட்டத்தின் சிஎச்டி நல்லது. எதையும் இழக்காமல் சுருக்கும், வேண்டும்போது பின்/கியூவாகவே திரும்ப எடுக்கலாம்.

கொடுக்கலாமா என்பதற்கு வருகிறேன். கூடாது. கன்சோல் விற்பனை நின்றதால் பதிப்புரிமை போய்விடாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விளையாட்டு மென்பொருளுக்கும் பொருந்தும். அவனிடமும் அதே டிஸ்க் இருந்தால் அவனே எடுக்கட்டும். நீ கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-1 எண்ணை மட்டும் அனுப்பு. இரண்டும் ஒத்தால் இருவர் பிரதியும் சரி. ஆடியோ தடம் உள்ள டிஸ்க் என்றால் ஒவ்வாமலும் போகலாம். டிரைவுக்கு டிரைவு வாசிப்பு சற்றுத் தள்ளித் தொடங்கும், பதற வேண்டாம். இப்படி ஒப்பிட முடிவதே இருவரும் ஒரே வடிவத்தில் எடுப்பதால்தான்.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய, சிப் போட்ட கன்சோலில் மட்டும் ஓடும் டிஸ்க்குகளின் எண், அசல் டிஸ்க்குகளின் எண்களைத் தொகுத்த ரீடம்ப் பட்டியலோடு பொருந்தாமல் போனால் ஆச்சரியப்படாதே. திருட்டுப் பிரதி போட்டவர்கள் முன்னால் தங்கள் படத்தை ஒட்டுவார்கள், வீடியோவை எடுத்துவிடுவார்கள். அதுவும் அந்தக் காலத்துச் சரக்குதான். வைத்துக்கொள்ள ஆசையென்றால் கோப்பின் பெயரிலேயே ‘பசார் மாலாம்’ என்று எழுதிவை.

ஆனால் விளையாட்டுக்கு முன்னால் வேறொரு வேலை. அக்கா கல்யாண விசிடி அந்த சீடிகள் இருந்த பெட்டியில்தான் இருக்கிறது. விசிடியும் அதே 2324 பைட் வகை, ஐஎஸ்ஓ அதற்கும் ஆகாது. இம்க்பர்ன் மென்பொருளில் பின்/கியூவாக எடு. விளையாட்டு டிஸ்க் ஆலையில் அச்சிட்டது, உலகில் எங்காவது இன்னொன்று கிடைக்கும். இது வீட்டில் எரித்த சீடி-ஆர், சாயம் மங்கிக்கொண்டே இருக்கும். நம் ஈரப்பதத்துக்குப் பூஞ்சை வேறு. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடை, வட்டமாகத் தேய்க்காதே. குறைந்த வேகத்தில் வாசிக்க விடு. இதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடு, எனக்கும் ஒன்று.

அன்புடன்,
மாமா
புந்தோங், ஈப்போ