பந்தியில் கேட்கக் கூடாத கேள்வி

பிள்ளையின் பிறந்த நாள், மாமியாரின் திதி என்றால் கோயிலில் அன்னதானத்துக்குப் பணம் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால், அந்த இலையின் முன் உட்காருகிறவரின் மனசு எப்படியிருக்கும் என்று யோசித்ததுண்டா?

வள்ளலார் யோசித்தார். பார்வதிபுரம் மக்கள் கொடுத்த நிலத்தில், வடலூரில் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற நூலில், பசித்தவனின் உடம்பு கண்ணிலிருந்து கால் வரை படும் பாட்டை விவரிக்கிறார். அதைவிட உருக்கமானது, அவன் மனசு படும் பாடு. இந்த வீட்டுக்குப் போனால் இகழ்வார்களோ, அந்த வீட்டுக்குப் போனால் கோபிப்பார்களோ என்று தயங்கித் தயங்கியே பட்டினி கிடப்பவனைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அதனால்தான் தேசம், சமயம், ஜாதி, நடத்தை எதையும் விசாரிக்காமல் பசியை ஆற்றச் சொன்னார். முதல் மூன்றை நாம் விசாரிப்பதில்லை (அப்படித்தான் நம்புகிறேன்!). நான்காவதில்தான் சறுக்குகிறோம். ‘கை, கால் நன்றாகத்தானே இருக்கிறது, உழைத்துச் சாப்பிடக் கூடாதா?’ ‘நேற்றும் வந்தீர்களே?’ இப்படி ஒரு வார்த்தை விழுந்தால் போதும், வாயில் வைத்த கவளம் தொண்டையில் இறங்காது.

தமிழகக் கோயில்களில் 2002-ல் தொடங்கிய அன்னதானத் திட்டம், பெரும்பாலான இடங்களில் மதியம் ஒருவேளைதான். ஶ்ரீரங்கம், பழநி போன்ற தலங்களில்தான் 2012 முதல் நாள் முழுவதும் நடக்கிறது. பந்தியில் உட்கார்ந்திருப்பவர் பக்தராக இருக்கலாம். பெரியாஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்தவராகவும் இருக்கலாம். பிள்ளைகள் கைவிட்ட பெரியவராகவும் இருக்கலாம். அவர் மூன்றாம் முறை சாதம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். இரவுக்கும் சேர்த்துத்தான் அவர் சாப்பிடுகிறார்.

அடுத்த முறை பணம் கட்டுவதோடு நில்லாமல், நிர்வாகத்தினரிடம் கேட்டு, நீங்களே ஒரு பந்திக்குப் பரிமாறிப் பாருங்கள். அவர் வாய்விட்டுக் கேட்குமுன், ‘இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா?’ என்று நீங்கள் கேளுங்கள். பல் போனவர்களுக்குச் சாதத்தைக் குழைய வையுங்கள். சம்மணமிட்டு உட்கார முடியாதவருக்கு ஒரு நாற்காலி தேடிக் கொடுங்கள். செல்போனில் படம் மட்டும் வேண்டவே வேண்டாம். வீட்டு விசேஷத்துக்கு நீங்களே நடத்தும் பந்தி என்றால், கொஞ்சம் பொட்டலமும் கட்டி வையுங்கள். நடக்க முடியாத ஒருவர் வீட்டில் காத்திருக்கக்கூடும்.