தேடித் தெளிதல்

நூலில் கட்டிய குண்டொன்றை மெல்ல ஆட்டிவிட்டு, “குண்டின் எடையைக் கூட்டினால் இவ்வூசல் விரைந்து ஆடுமோ?” என்று ஆசிரியர் வினவுகின்றார். “ஆடும்” என்பர் மாணவருட் பலர். ஆசிரியர் அதனை மறுப்பதில்லை. “ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுங்கள், 20 அலைவுகளுக்கு ஆகும் காலத்தை அளந்து எழுதுங்கள்” என்று வழிமட்டும் காட்டுகின்றார்.

எடையை மாற்றினும் காலம் மாறவில்லை. பின்னர் நூலின் நீளத்தை மாற்றுகின்றனர். 100 சென்டிமீட்டராயின் ஏறத்தாழ 40 விநாடி. 25 சென்டிமீட்டராயின் 20 விநாடி. நீளம் காற்பங்காகக் குறையக் காலம் பாதியாகின்றது. மாணவர் கொண்ட தவறான எண்ணம் அவர்தம் அளவையாலேயே அகல்கின்றது.

மாணவர்களே! கேட்டறிந்த விடை தேர்வு முடிந்ததும் மறந்துபோதல் கூடும். அளந்து தெளிந்த உண்மை நெஞ்சில் நிலைக்கும். ஆதலின், எவ்விடையையும் மனனம் செய்யுமுன், “இஃது எங்ஙனம் அறியப்பட்டது?” என்று வினவுங்கள்.