நெல் பணம் வந்ததும் கடன் கணக்கு

காரைக்காலை அடுத்த வரிச்சிக்குடி போன்ற ஊர்களில் சம்பா நெல் பணம் விவசாயி கைக்கு வருவது தை, மாசி மாதங்களில். பயிர்க் கடன் வாங்கியதோ புரட்டாசி, ஐப்பசியில். ஓராண்டுக் கெடு என்றால் கட்ட வேண்டிய நாள் அடுத்த புரட்டாசியில்தான். "இன்னும் எட்டு மாதம் கிடக்கிறதே" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இடையில் கல்யாணம், காது குத்து, கோயில் திருவிழா, பிள்ளைகளின் பள்ளிச் செலவு. கெடு வரும்போது கையில் இருப்பது நடவுக் கூலிக்கே காணாது. இப்படி நாள் கடத்துவதற்குச் சோம்பலைக் குறை சொல்வது சரியல்ல. மொத்தக் கடன் எவ்வளவு என்று பார்க்கவே பலருக்கு அச்சம். பாஸ் புத்தகம் மாதக்கணக்கில் பெட்டியிலேயே கிடப்பது அதனால்தான்.

தாமதத்துக்கு என்ன விலை என்பதை ரூபாயில் போட்டுப் பார்க்க வேண்டும். கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க் கடனுக்கு, மத்திய அரசின் வட்டிச் சலுகையால் ஆண்டு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டுபவருக்கு இதிலும் 3 சதவீதம் குறைகிறது. 2011-12 முதல் உள்ள ஏற்பாடு இது. ஆகவே ஒழுங்காகக் கட்டுபவருக்கு வட்டி 4 சதவீதமே. 60,000 ரூபாய் கடனை ஓராண்டு வைத்திருந்து கெடு நாளுக்குள் கட்டினால் வட்டி 2,400 ரூபாய். கெடு தவறினால் அந்த 3 சதவீதம் கிடைக்காது. வட்டி 4,200 ஆகிவிடும். அதற்கு மேற்பட்ட நாட்களுக்குச் சலுகை வட்டியும் போய், வங்கியின் வழக்கமான வட்டி ஏறும்.

பலர் கவனியாத விஷயம் ஒன்று உண்டு. கடன் அட்டையில் வட்டி, நிலுவையில் உள்ள தொகைக்கும் அது நின்ற நாட்களுக்கும்தான். அதே 60,000 ரூபாயை ஐந்தாம் மாதத்தில், நெல் பணம் வந்ததும் கட்டிவிட்டால், 4 சதவீதக் கணக்கில் வட்டி 1,000 ரூபாய்தான். கட்டிய பணம் போய்விட்டது என்றும் அஞ்ச வேண்டாம். அட்டை நடப்பில் இருக்கும் வரை, வரம்புக்குள் அடுத்த சாகுபடிக்கு அதே கணக்கில் மீண்டும் எடுக்கலாம். முழுவதும் கட்ட இயலாதவர் பாதியாவது கட்டினால் அந்தப் பாதிக்கு வட்டி நின்றுவிடும். இதற்கு மாறாக, கெடு நெருங்கிய பிறகு வெளியில் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கி வங்கியில் கட்டுவது, ஆண்டுக்கு 36 சதவீத வட்டிக்குப் போய் விழுவதாகும்.

"எப்படியும் தள்ளுபடி வரும்" என்று காத்திருப்பவர்களும் உண்டு. இந்த எண்ணத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2008-ல் மத்திய அரசின் தள்ளுபடி வந்தது. ஆனால் அது, 2007 மார்ச் 31 வரை கொடுக்கப்பட்டு அவ்வாண்டு டிசம்பர் 31-ல் தவணை தவறியிருந்த கடனுக்கே பொருந்தியது. தேதியை முன்கூட்டி யாரும் அறிந்திருக்க முடியாது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கடனைத் தள்ளுபடி செய்தது. அது தமிழ்நாட்டுக் கூட்டுறவு நிறுவனங்களில் வாங்கிய பயிர்க் கடனுக்கு. காரைக்கால் புதுவை யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. தரங்கம்பாடிப் பக்கம் தீர்ந்த கடன், அந்த ஆணையால் எல்லைக்கு இப்பால் தீராது. வயலுக்கு வயல் பக்கத்தில் இருந்தாலும் கடனுக்கு அரசு வேறு! வணிக வங்கிக் கடனையும் அந்த ஆணை தொடவில்லை.

கெடு தவறினால் பணம் கொடுத்தும் சரிசெய்ய முடியாதது பயிர்க் காப்பீடு. 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. புயல் போன பிறகு அதில் சாய்ந்த பயிருக்குக் காப்பீடு செய்ய வழியில்லை. அறுத்து வயலில் பரப்பியிருக்கும்போது மழையில் நனைந்த நெல்லுக்கு, அப்பகுதியில் அந்தப் பிரிவு அறிவிக்கப்பட்டிருந்தால், 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். "நாளை பார்க்கலாம்" என்று மூன்று நாள் போனால் உரிமை போயிற்று.

நகைக் கடன் நோட்டீசைப் பிரிக்காமல் வைப்பதும் கூடாது. கெடு தாண்டிய நகையை ஏலம் விடுமுன் அறிவிப்பு அனுப்புவார்கள். அதைக் கண்டதும் கிளைக்குச் சென்று, வட்டியையாவது கட்டி நகையைக் காக்க வழி உண்டா என்று கேட்க வேண்டும்.

நெல் பணம் வந்த வாரமே ஒரு நாள் ஒதுக்கி, பாஸ் புத்தகத்தையும் கடன் அட்டையையும் எடுத்துக்கொண்டு வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ செல்லலாம். இன்றைய நிலுவை என்ன, எந்தத் தேதிக்குள் கட்டினால் 3 சதவீதச் சலுகை கிடைக்கும், இந்தப் பருவத்துக்குக் காப்பீட்டுப் பதிவு எந்த நாளில் முடிகிறது என்று கேட்டு, அந்தத் தேதிகளை வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட வேண்டும். கணக்கு எழுதும் வேலையைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் விடலாம். கட்டிய ரசீதை மட்டும் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்து வைப்பது நல்லது.