பாடம் 4: எங்கே, எப்போது, யாருக்கு? ஊரின் பாதுகாப்பை அளந்து பார்ப்போம்

முகாமில் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் எங்களிடம் கேட்கும் முதற் கேள்வி இதுதான்: "ஊர் இப்ப பாதுகாப்பா?"

2007 மார்ச் மாதம் முதல் வாகரைக்கும் மே மாதம் முதல் படுவான்கரைக்கும் மக்கள் திரும்பத் தொடங்கினர். திரும்பிய ஊர்கள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை. ஒரே ஊரிலும் வீதியோரம் ஒருமாதிரியும், காட்டோரம் இன்னொருமாதிரியும் இருக்கலாம். பகலில் அச்சமின்றிப் போய்வரும் பாதையில் இரவில் யானை நிற்கலாம். அறுபது வயது அம்மம்மா தடையின்றிக் கடக்கும் சோதனைச்சாவடியில் பதினெட்டு வயது பேரன் ஒரு மணித்தியாலம் நிற்க நேரலாம்.

ஆகவே "ஊர் பாதுகாப்பா?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அதை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். எந்த இடம்? எந்த நேரம்? எங்கள் குடும்பத்தில் யாருக்கு? இப்படிக் கேட்டுப் பழகுவதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்

மண்டூர்ப் பக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் வேளாண்மை செய்பவர். தாய் விறகும் தண்ணீரும் கொண்டுவருபவர். மகனுக்கு 18 வயது, கூலி வேலை தேடுகிறார். மகள் சாதாரண தரம் படிக்கிறாள். அம்மம்மாவுக்கு மாதந்தோறும் மருந்து வேண்டும்.

தகப்பனுக்கு முக்கியமான இடம் வட்டை. அவர் கேட்க வேண்டியது, "வீதியும் வளவும் பார்த்தாச்சு, வட்டைக்குள்ளயும் மிதிவெடி பார்த்தாச்சா?" என்பது. குடியிருப்பு துப்புரவாக்கப்பட்டது என்றால் வயலும் துப்புரவாக்கப்பட்டது என்று அர்த்தமில்லை. விதைப்புக் காலம் நெருங்கும்போது அவசரம் வரும். ஒரு போகம் தவறினால் கடன் ஏறும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்த நிலம் பார்க்கப்பட்டதா என்று கிராம சேவையாளரிடமும், மிதிவெடி அகற்றும் குழுவிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை ஏர் இறக்கவேண்டாம்.

தாய்க்கு முக்கியமானவை கிணறும் விறகுக் காடும். பல மாதம் பாவிக்காத கிணற்றில் வெடிபொருள் கிடக்கலாம், நச்சுக்காற்றும் நிற்கலாம். கிணற்றைத் துப்புரவாக்க யாரும் தனியே இறங்கக்கூடாது. இறைத்துக் குளோரின் இட்ட பின்பே குடிக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இதற்கு உதவுவார்.

அம்மம்மாவுக்கு முக்கியமானது வைத்தியசாலைக்குப் போகும் வழி. களுவாஞ்சிக்குடிக்குப் போகக் குருமண்வெளித் துறையால் வாவியைக் கடக்கலாம், அல்லது பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாம். படகு எத்தனை மணிக்கு நிற்கிறது? இரவில் நெஞ்சுவலி வந்தால் யாரிடம் வாகனம் உண்டு? போகும் முன்னரே கேட்டுவையுங்கள்.

மகளுக்கு முக்கியமானவை பாடசாலைப் பாதையும் பின்னேர வகுப்பு முடிந்து திரும்பும் நேரமும். கூடவரும் பிள்ளைகள் எத்தனை பேர்? வழியில் ஆளில்லாத வீடுகள் எத்தனை?

மகனுக்கு முக்கியமானது அடையாள அட்டை. தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம சேவையாளரின் கடிதம் ஆகியவற்றை முகாமில் இருக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வீடு, ஐந்து பேர், ஐந்து பதில்கள். வீட்டுத் தலைவரின் பதில் மட்டும் போதாது.

கண்டவரா, கேட்டவரா?

முகாமில் கதைகள் வேகமாகப் பரவும். "அங்க ஒரு பிரச்சினையும் இல்ல" என்பதும் கதைதான், "போனவங்க எல்லாம் திரும்பி வாறாங்க" என்பதும் கதைதான். எதைக் கேட்டாலும் மூன்று விடயங்களை விசாரியுங்கள்.

சொன்னவர் கண்ணால் கண்டவரா, மற்றவரிடம் கேட்டவரா?
அது நடந்தது எப்போது? நேற்றா, மூன்று மாதத்துக்கு முன்னரா?
நடந்தது எங்கள் ஊரிலா, பக்கத்து ஊரிலா?

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பேர் ஒரே செய்தியைச் சொன்னால் அதற்கு நிறை கூட. ஏற்கெனவே திரும்பிய பெண்களிடம் பெண்களும், இளைஞர்களிடம் இளைஞர்களும் பேசட்டும். ஆண்களின் காதுக்கு வராத பல விடயங்கள் கிணற்றடியில் பேசப்படும்.

முன்கூட்டிச் சென்று பார்த்தல்

ஏற்பாடு செய்யப்படும் பயணத்தில் குடும்பத்துக்கு ஒருவர் என்றால் பெரும்பாலும் ஆண்களே போகிறார்கள். முடிந்தால் ஒரு பெண்ணும் சேர்ந்து போகவேண்டும். போனவுடன் கூரையையும் கதவையும் பார்க்கத்தான் மனம் ஓடும். அதற்கு முன் இவற்றைக் கவனியுங்கள்: எத்தனை வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள்? கடை திறந்திருக்கிறதா? பிள்ளைகள் வீதியில் நிற்கிறார்களா? பஸ் எங்கே வரை வருகிறது? பொழுதுபட்ட பின் ஆட்கள் வெளியே வருகிறார்களா?

வளவுக்குள் நுழையும் முன் மிதிவெடி அடையாளப் பலகை, நாடா, கம்பி, புதிதாகக் கிளறிய மண் ஏதும் உண்டா என்று பாருங்கள். மாடு மேய்ந்த நிலம் என்பதால் அங்கே மிதிவெடி இல்லை என்று எண்ணவேண்டாம். பற்றையை எரித்துவிட்டால் ஆபத்து நீங்கும் என்பதும் தவறு. மாரி வெள்ளம் மிதிவெடியை இடம்பெயர்க்கும். சென்ற வருடம் நடந்த பாதையையும் வெள்ளத்துக்குப் பின் மீண்டும் விசாரிக்கவேண்டும்.

ஐயப்படும்படி ஏதாவது கண்டால் தொடாதீர்கள், கல் எறியாதீர்கள். வந்த வழியே திரும்பி, மற்றவர்களுக்குச் சொல்லி, கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். மிதிவெடி உள்ள இடத்துக்குள் நிற்பதாக உணர்ந்தால் அசையாமல் நின்று சத்தமிட்டு உதவி கேளுங்கள். யாராவது காயப்பட்டு விழுந்தாலும் ஓடிப்போய்த் தூக்கவேண்டாம். தூக்கப் போனவரும் மிதிக்கக்கூடும். பழைய இரும்புக்காகச் செல் துண்டு பொறுக்கவேண்டாம் என்று பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லுங்கள்.

யாராவது கைதானால்

கைதுசெய்பவர் தன்னை இன்னார் என்று சொல்லவேண்டும், காரணம் சொல்லவேண்டும், குடும்பத்தாருக்குக் கைதை உறுதிப்படுத்தும் பத்திரம் தரவேண்டும் என்று 2006 ஜூலையில் ஜனாதிபதி பணிப்புரை விடுத்தார். பயங்கரவாதத் தடைச் சட்டத்திலோ அவசரகாலச் சட்டத்திலோ கைதானால், 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கொண்டுபோனவர்களின் உடை, வாகன இலக்கம், நேரம், இடம் ஆகியவற்றை உடனே எழுதிவையுங்கள். அன்றே பொலிசிலும், ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்திலும், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடமும் முறையிடுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கவேண்டாம்.

முடிவு உங்களுடையது

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றிய ஐக்கிய நாடுகளின் வழிகாட்டிக் கோட்பாடுகள் 1998 இல் வந்தன. தம் விருப்பத்துடனும் பாதுகாப்பாகவும் கண்ணியமாகவும் மக்கள் திரும்புவதற்கு ஏற்ற நிலைமையை உண்டாக்குவது அதிகாரிகளின் கடமை என்று 28 ஆவது கோட்பாடு கூறுகிறது. திரும்பும் திட்டத்தில் மக்களும் பங்குகொள்ளவேண்டும் என்றும் அது கூறுகிறது. "போகலாம்" என்பது "போயே ஆகவேண்டும்" என்றாகாது. பஸ் வந்து நிற்கிறது என்பதற்காக ஏறவேண்டியதில்லை. உங்களுக்கு ஐயம் இருந்தால் உங்கள் கேள்வியை முகாம் குழுவின் மூலம் எழுத்தில் கொடுத்து, பிரதேச செயலகத்திடம் பதில் கேளுங்கள். பலர் சேர்ந்து கேட்டால் ஒருவர் தனித்து நிற்க நேராது.

ஊர் பாதுகாப்பானது என்று எங்கள் நிறுவனமும் உங்களுக்குச் சான்றிதழ் தர முடியாது. தகவலைத் தேடித் தர முடியும், கூட வர முடியும்.

செய்து பாருங்கள்

இன்றிரவு வீட்டார் எல்லோரும் சேர்ந்து இருங்கள். ஒரு தாளில் வீடு, கிணறு, வட்டை, பாடசாலை, கோயில், துறை, வைத்தியசாலை ஆகியவற்றைக் கீறுங்கள். ஒவ்வொருவரும் தான் போகும் பாதையைக் கோடிட்டுக் காட்டட்டும். நன்கு தெரிந்த பாதைக்குப் பச்சை, பகலில் மட்டும் என்றால் மஞ்சள், தெரியாத பாதைக்குச் சிவப்பு. சிவப்புக் கோடு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதை யாரிடம் விசாரிப்பது என்று எழுதுங்கள். பிள்ளைகளும் கீறட்டும். எந்தப் பற்றைக்குள்ளால் குறுக்குப் பாதை போகிறது என்பது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஊருக்குப் போன பின்பும் அந்தத் தாளை வைத்திருங்கள். மாதம் ஒருமுறை, வெள்ளம் வடிந்த பின் ஒருமுறை, எடுத்துப் பார்த்து நிறத்தை மாற்றுங்கள்.