பெற்றவள் வந்து கேட்டால்?

கேள்வி: பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத ஒரு பிள்ளையை வளர்ப்புப் பராமரிப்பில் எடுக்க எனக்கும் கணவருக்கும் ஆசை. மகன் வெளியூரில் படிக்கிறான். "பாசம் வைத்து வளர்த்தபிறகு பெற்றவள் வந்து கேட்டால் என்ன செய்வாய்?" என்கிறார் மாமியார். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: கொடுத்துவிட வேண்டும், அம்மா. அதற்கு மனம் ஒப்பினால் மட்டும் இதில் இறங்குங்கள்.

இது தத்து அல்ல. தாய் நோயில் கிடக்கலாம், தகப்பன் சிறையில் இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை விடுதியில் வளராமல் ஒரு குடும்பத்தில் வளரட்டும் என்று, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆவது பிரிவின்படி குழந்தைகள் நலக் குழு ஒப்படைக்கிறது. குழு தடுக்காதவரை பெற்றோர் வந்து பார்க்கலாம். மாதந்தோறும் ஆய்வு உண்டு. 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை. அதை நம்பி யாரும் வருவதில்லை. பிள்ளைகள் வளர்ந்து போனபின் வீட்டில் இடமும் மனதில் தெம்பும் மிச்சமிருப்பவர்கள் வருகிறார்கள். சிறுவயதில் உறவினர் வீட்டில் வளர்ந்தவர்களும் வருகிறார்கள். 'ஒரு பிள்ளையைக் கரையேற்றுகிறோம்' என்று நன்றியை எதிர்பார்த்து வருகிறவர்கள்தான் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள்.

முதல் சில வாரங்கள் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கும். பெரும்பாலும் அது பயம். பயம் தெளிந்தபிறகு பிஸ்கட்டைத் தலையணைக்கடியில் ஒளிக்கும், படுக்கையை நனைக்கும், "நீ என் அம்மா இல்லை" என்று கத்தும். உங்களை நம்பலாமா என்று பார்க்கிறது. திட்டாதீர்கள். கைக்கு எட்டும் இடத்தில் பிஸ்கட் டப்பாவை வைத்து, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொல்லுங்கள். நாளடைவில் ஒளிப்பது குறையும். பெற்றவளைப் பற்றி ஒரு குறைச்சொல் வேண்டாம். தாயைத் தாழ்த்தினால் பிள்ளை தன்னையே தாழ்த்திக்கொள்ளும்.

பிரிவு வலிக்கும், அதற்கு மருந்து இல்லை. திரும்ப வழியில்லாத பிள்ளையை, தத்துக்கு உரியது என்று குழு அறிவித்தால், உங்களோடு 2 ஆண்டு இருந்தபின் தத்து கேட்கலாம். ஆனால் அந்தக் கணக்கோடு தொடங்காதீர்கள். தாய் குணமாகி வரும்போது உங்களால் மகிழ முடியாமல் போகும்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அதற்கு முன், விடுமுறைக்கு வரும் மகனிடம் பேசிவிடுங்கள். அவனுடைய அறையைத்தான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், அவன் வாயிலிருந்தே சம்மதம் வரட்டும்.