பார்ப்பதும் எடிட்டிங்தான்

அன்புள்ள தங்கைக்கு,

எடிட்டிங் அறையில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாய். இனி உன் நாட்களெல்லாம் டைம்லைன் முன்னால்தான் கழியும்.

பிலிம் காலத்தில் 1,000 அடிச் சுருள் கேமராவில் 11 நிமிடம்தான் ஓடும். காசு கரைகிறதே என்று பெரும்பாலானவர்கள் எண்ணி எண்ணித்தான் எடுத்தார்கள். பிரான்சிஸ் ஃபோர்டு கப்போலா அந்த ரகம் இல்லை. ‘அபோகலிப்ஸ் நவ்’ (1979) படத்துக்கு அவர் எடுத்தது சுமார் 12.5 லட்சம் அடி. போட்டுப் பார்த்தால் 230 மணி நேரம். அதைத் தொகுத்தவர்களில் ஒருவர் வால்டர் மர்ச். பின்னாளில் ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ (1996) படத்தைப் பிலிமில் தொடங்கி, நடுவில் அவிட் கணினிக்கு மாறினார். கணினியில் தொகுத்த படத்துக்கு எடிட்டிங் ஆஸ்கர் கிடைத்தது அப்போதுதான் முதல்முறை.

கணினியை அப்படி வரவேற்ற மர்ச்சே ஓர் இழப்பையும் சுட்டிக்காட்டினார். பழைய மேசையில் ஒரு ஷாட்டைத் தேடினால் சுருளையே ஓட்டியாக வேண்டும். வழியில் வேண்டாத ஷாட்டுகளும் கண்ணில் படும். தேடிப் போனதைவிட நல்லது சில சமயம் அங்கே அகப்படும். கணினியோ கேட்ட இடத்துக்கு நேராகத் தாவிவிடுகிறது. இப்போது வசனத்தைத் தட்டச்சு செய்தாலே ஷாட் வந்து நிற்கிறது. அந்த வசதியைத் தாராளமாகப் பயன்படுத்து. ஆனால் ரஷ், அதாவது எடுத்த காட்சிகள் முழுவதையும் ஒருமுறை பார்த்து முடித்த பிறகு.

‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ (2015) படத்தின் மார்கரெட் சிக்ஸல் அதைத்தான் செய்தார். அதற்கு முன் அவர் அதிரடிப் படம் தொகுத்ததில்லை. டிஜிட்டல் கேமராக்கள் கொட்டிக் குவித்தது 480 மணி நேரம். பார்ப்பதற்கே மூன்று மாதம் பிடித்தது. இரண்டு மணி நேரப் படத்தில் சுமார் 2,700 ஷாட்டுகள், ஒவ்வொன்றும் சராசரியாக மூன்று விநாடிகூட இல்லை. அப்படியும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்வையாளர் குழம்புவதில்லை. ஒளிப்பதிவாளர் ஜான் சீல் முக்கியமான அசைவைச் சட்டகத்தின் நடுவிலேயே வைத்ததும் அதற்குக் காரணம். ஆஸ்கர் சிக்ஸலுக்குக் கிடைத்தது.

எனவே ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன்னும் ‘கட்’ சொன்ன பின்னும் ஓடுவதைத் தள்ளிவிடாதே. நடிகர் தன்னை மறந்து நிற்கும் முகம் அங்கேதான் இருக்கும். பார்க்கும்போதே கையால் குறிப்பு எழுது.

தயாரிப்பாளர்கள் அவசரப்படுத்துவார்கள். நீ தனியாகப் படம் ஒப்புக்கொள்ளும் நாளில், சம்பளம் பேசும்போதே ரஷ் பார்க்கும் நாட்களையும் கணக்கில் சேர்த்துக் கேள். அவற்றை ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கு.

அன்புடன்,
அண்ணன்