ஜோடியா வாங்காதீங்க, கூட்டமா வாங்குங்க

மீன் கடையில் எல்லாமே ஜோடிக் கணக்குதான். "நியான் ஜோடி இவ்ளோ, டைகர் ஜோடி இவ்ளோ"ன்னு கடைக்கார அண்ணன் சொல்லச் சொல்ல, நாமளும் ரெண்டு நியான் டெட்ரா, ரெண்டு டைகர் பார்ப், ஒரு ஜோடி ஏஞ்சல், பாசி தின்ன ஒரு சக்கர்னு கவரில் கட்டிக்கிட்டு வந்துடுறோம். சென்னையில் வண்ணமீனுக்குப் பேர்போன கொளத்தூருக்கே போனாலும் பெரும்பாலும் இதே கதைதான். முதல் வாரம் தொட்டி பார்க்க அழகா இருக்கும். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் ஏஞ்சலின் துடுப்பு கிழிந்திருக்கும், நியான் ஒண்ணைக் காணோம். 'எது எதோட ஒத்துப்போகும்?'னு அப்புறம்தான் தேட ஆரம்பிக்கிறோம்.

அந்தக் கேள்விக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு. கூட்டமாக வாழும் மீனுக்கு முதல் கூட்டாளி அதே இனத்து மீன்தான். அது போதுமான எண்ணிக்கையில் இருக்கிறதா? இதைப் பார்த்த பிறகுதான் அடுத்த இனத்தைப் பற்றியே யோசிக்கணும்.

ஏன் இப்படி? 1971-இல் உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் இதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டினார். என்னைச் சுற்றி ஆட்கள் இருந்தால், வேட்டையாட வருகிறவனிடம் நான் மாட்டும் வாய்ப்பு குறைகிறது. ஒவ்வொருவரும் அப்படியே நினைத்து நடுவில் நுழையப் பார்த்தால் கூட்டம் தானாக உருவாகிவிடும். நம்ம கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு இன்னும் தெரிந்த உதாரணம், 1987-இல் கிரெய்க் ரேனால்ட்ஸ் வெளியிட்ட 'பாய்ட்ஸ்'. மூணே விதி: பக்கத்தில் இருப்பவனை இடிக்காதே, அவன் போகும் திசையில் போ, கூட்டத்தின் நடுவை விட்டு விலகாதே. இந்த மூணுக்கும் இன்புட் பக்கத்து மீன்தான். தொட்டியில் ரெண்டே ரெண்டு நியான் இருந்தால் அங்கே நடுவும் கிடையாது, ஓரமும் கிடையாது. எப்பவும் ஓரத்தில் நிற்கிற பயம்தான். செடிக்குப் பின்னால் பதுங்கும், நிறம் மங்கும், சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரத் தயங்கும். குறைந்தது ஆறு, முடிந்தால் பத்து விட்டால் அதே மீன் நடுத்தொட்டிக்கு வந்து நீந்தும்.

டைகர் பார்ப் இதற்கு நேர் எதிர் ரகம். அது பயந்து ஒளியாது, வம்புக்குப் போகும். எட்டு பத்து பேராக இருந்தால் 'யார் பெரியவன்'ங்கிற சண்டை பெரும்பாலும் அவங்களுக்குள்ளேயே முடிஞ்சிடும். ரெண்டு மூணு மட்டும் இருந்தால் அந்த வேகம் முழுக்க மெதுவாக நீந்தும் மீனின் நீளத் துடுப்பு மேல் இறங்கும். அதுக்காக, பத்து டைகர் இருக்கேன்னு ஏஞ்சலையோ கப்பியையோ கூட விட்டுடாதீங்க. கடி குறையுமே தவிர, நிற்கும்னு உத்தரவாதம் இல்லை.

இனி மற்ற இனங்கள். ரொம்ப எளிமையான விதி, வாய்க்குள் போகும் அளவில் இருப்பது இரை. சின்ன ஏஞ்சலும் நியானும் சில மாதம் சமாதானமாக இருக்கும். ஏஞ்சல் 15 செ.மீ. வரை வளரும், நியான் மூணு செ.மீ.யோடு நின்றுவிடும். ஒரு ராத்திரி நியான் காணாமல் போனால் ஏஞ்சலைத் திட்டிப் பயனில்லை.

அடுத்தது தண்ணீர். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் அதிகம். அதை வெப்பமண்டல மீன்களோடு போட்டால் யாராவது ஒருத்தர் கஷ்டப்பட்டே ஆகணும். நியானுக்கு மென்நீர் வேணும். பக்கெட்டில் வெள்ளை வெள்ளையா உப்புப் படியும் போர்வெல் தண்ணிதான் உங்க ஹாஸ்டலில் வருதுன்னா, கப்பி, மோலி, பிளாட்டிதான் புத்திசாலித்தனம். கடின நீர் அவற்றுக்குப் பிடிக்கும். ஆண்களை மட்டும் வாங்குங்க. இல்லாட்டி குட்டிகளுக்கு இடம் தேடி அலையணும். ஆண் ஃபைட்டரைத் தனியா விட்டுடுங்க. தோகை மாதிரி வாலை விரிக்கும் ஆண் கப்பியை அது இன்னொரு ஃபைட்டர்னு நினைத்துப் பாயலாம்.

இப்போ அளவு. 2×1×1 அடித் தொட்டி கிட்டத்தட்ட 56 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 45-லிருந்து 50 லிட்டர் தேறும். 'இத்தனை லிட்டருக்கு இத்தனை இஞ்ச் மீன்'னு சொல்லும் கணக்கு நமக்கே உறுத்தணும். நீளம் ரெண்டு மடங்கானால் எடை சுமார் எட்டு மடங்கு. 15 செ.மீ. மீன் ஒண்ணு, 3 செ.மீ. மீன் அஞ்சுக்குச் சமம் இல்லை, கிட்டத்தட்ட 125-க்குச் சமம். நம்ம சக்கர் 30 செ.மீ. தாண்டும். 'ஷார்க்'னு குட்டியா விற்கும் பங்காசியஸ் ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. வளர்ந்ததும் ஏரியில் விட்டுடலாம்னு நினைப்பவர்களால்தான் இன்று தமிழ்நாட்டு மீனவர்கள் வலையில் சக்கர் ஏறுகிறது. தயவுசெய்து வேண்டாம். நம்ம பக்கத்து மிஸ் கேரளாவும் சின்னத் தொட்டிக்கு ஆகாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடும் ஆற்று மீன் அது, கூட்டமா வளர்க்க நாலு அடித் தொட்டியாவது வேணும். அழிவின் விளிம்பில் இருக்கும் இனமும்கூட.

அந்த ரெண்டடித் தொட்டிக்கு நான் சொல்வது: தண்ணீர் மென்மையா இருந்தால் பத்து நியான், தரையில் ஆறு கோரிடோரஸ். ஒண்ணு நடுமட்டம், ஒண்ணு அடிமட்டம், இடத்துக்குச் சண்டை வராது. கோரிடோரஸும் கூட்ட மீன்தான், 'கிளீனிங்குக்கு ஒண்ணு போதும்'னு வாங்காதீங்க. அதோட மீசை தேயாமல் இருக்க, கூரான கல்லுக்குப் பதில் மென்மையான மணல் போடுங்க. போர்வெல் தண்ணின்னா எட்டு ஆண் கப்பி, நாலு ஆண் பிளாட்டி. அவ்வளவுதான், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க.

எல்லாரையும் ஒரே நாளில் இறக்கவும் வேண்டாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் நிலைக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுக்குப் பிறகு முதலில் ஒரு கூட்டம், ரெண்டு வாரம் விட்டு அடுத்தது.

ஏற்கெனவே ரெண்டு டைகர் பார்ப் வைத்திருப்பவர்களுக்கு: தொட்டி மூணு அடி இருந்தால் இன்னும் ஆறு வாங்கி விடுங்க, நீளத் துடுப்புக்காரர்களை வேறு தொட்டிக்கு மாத்துங்க. ரெண்டு அடிதான்னா கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துடுங்க. காசு வேணாம்ணேன்னு சொன்னால் வாங்கிக்குவாங்க.